ஈசினோஃபிலுக்குப் பெயர் சூட்டியவர்

தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்காதவர்களும் தயக்கமின்றிச் சொல்லும் மருத்துவச் சொற்களில் ஒன்று 'ஈஸ்னோபீலியா'. இளைப்பு வந்தாலும், தும்மல் நிற்காவிட்டாலும், குழந்தையின் முழங்கை மடிப்பில் கரப்பான் படர்ந்தாலும், எங்கள் சேலையூர்ப் பகுதியில் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது ஈஸ்னோபீலியா பார்த்தாயிற்றா என்பதைத்தான். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் காலை ஏழு மணிக்கே ரத்தப் பரிசோதனை நிலையங்களின் வாசலில் வெறும் வயிற்றுடன் மக்கள் காத்திருப்பதைக் காணலாம். அவர்கள் வாங்கிச் செல்லும் தாளில் அச்சாகியிருக்கும் அந்தச் சொல்லுக்கு மூலமானவர், 1879இல் பெர்லின் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய இருபத்தைந்து வயது இளைஞர். பெயர் பால் எர்லிக்.

அவரைப் பற்றி நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு என் பேத்தியே காரணம். ஆறு வயதுக் குழந்தை. மூன்று ஆண்டுகளாகக் கரப்பான் எனப்படும் எக்சிமாவால் அவதிப்படுகிறாள். சென்ற ஆண்டு எடுத்த ரத்த அறிக்கையில் ஈசினோஃபில் எண்ணிக்கையும் ஐஜிஇ அளவும் வரம்பைத் தாண்டியதாகத் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தன. கூடவே பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை என்று நீண்ட உணவுப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். என் மகள் பட்டியலில் கண்டவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். நான்கு மாதங்களில் குழந்தை இரண்டு கிலோ இளைத்தாள். கரப்பான் இளைக்கவில்லை.

பல ஆண்டுகள் கல்லூரியில் குறியீட்டெண்களைக் கற்பித்தவன் நான். ஒரு குறியீட்டெண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று கேட்டறியாமல் அதைக் கையில் எடுக்காதீர்கள் என்று முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்குச் சொல்வேன். என் வீட்டுக்கு வந்த தாளைப் பார்த்தபோது அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கே தோன்றவில்லை. பிறகு எர்லிக்கின் வாழ்க்கையைப் படித்தபோதுதான், அந்த அணுவுக்குப் பெயரிட்டவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இதே கேள்வியோடு கழித்தவர் என்பது தெரிந்தது.

எர்லிக் 1854 மார்ச் 14 அன்று, இன்று போலந்தில் உள்ள ஸ்ட்ரெலன் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் லத்தீனும் கணக்கும் பிடிக்கும்; தேர்வுகள் பிடிக்காது. அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட். எர்லிக்கைவிட ஒன்பது வயது மூத்தவர். திசுக்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை வளர்த்தெடுத்த நோய்க்குறியியலாளர். அவரிடமிருந்து தொற்றிய சாயப் பித்து எர்லிக்கை வாழ்நாள் முழுதும் விடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது அவருடைய மேசை முழுவதும் பல வண்ணக் கறைகள் நிறைந்திருந்ததாகச் சொல்வார்கள். பிரெஸ்லாவுக்கு வந்த ராபர்ட் கோக்கிடம், சாயம் ஏற்றுவதில் கெட்டிக்காரன், ஆனால் தேர்வில் தேறமாட்டான் என்று இந்த மாணவரை அறிமுகப்படுத்தியதாக ஒரு கதை உண்டு. தேர்வில் தேறினார். 1878இல் லைப்சிக்கில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடும் சாயங்களைப் பற்றியதே. ஒவ்வாமையில் பெரும்பங்கு வகிக்கும் 'மாஸ்ட்' அணுக்கள் முதன்முதலாக விவரிக்கப்பட்டது அக்காலத்து ஆய்வில்தான்.

இந்த இடத்தில் ஒரு பொருளியல் ஆசிரியனுக்குச் சாயத்தைத் தாண்டிச் செல்ல மனம் வராது. நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்களை உருவாக்கும் தொழில் அப்போது ஜெர்மனியில் அசுர வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. 1897இல் அதே தொழில் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்து, வங்கம், பிகார் முதல் நம் தென்னார்க்காடு, கடப்பை வரை அவுரிச் சாகுபடியைச் சரித்தது. நம் அவுரி விவசாயிகளை முடக்கிய அதே வேதியியல்தான் எர்லிக்கின் கையில் மருத்துவ அறிவாக மாறியது. இரண்டையும் ஒரே கணக்கேட்டில் எழுதுவது எளிதன்று.

பட்டம் பெற்றதும் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் பேராசிரியர் ஃபிரெரிக்ஸிடம் சேர்ந்தார். ஃபிரெரிக்ஸ் அவரை நோயாளிகளோடு கட்டிப்போடாமல் ஆய்வுக்கு விட்டார். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பி, உலர்த்தி, சூடான செப்புத் தகட்டின் மேல் வைத்து நிலைப்படுத்தி, பின்னர் சாயத்தில் தோய்த்தார் எர்லிக். வெள்ளணுக்களில் சில, அமிலத் தன்மையுள்ள சாயத்தை மட்டும் தம் துகள்களில் ஈர்த்துக்கொண்டன. சில காரத் தன்மையுள்ள சாயத்தை. சில இரண்டுக்கும் நடுவானதை. அதுவரை ஒரே கூட்டமாகத் தெரிந்த வெள்ளணுக்கள் இனம் இனமாகப் பிரிந்து நின்றன. இயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயத்தை விரும்பி ஏற்ற அணுவுக்கு ஈசினோஃபில் என்று பெயரிட்டார். சாயத்தின் பெயர் கிரேக்கர்களின் விடியல் தேவதையான இயோஸின் பெயர். கரடுமுரடான துகள்கள் கொண்ட அணுக்களை அவருக்கு முன்பே சிலர் கண்டிருந்தனர். ஆனால் அவற்றைப் பிற அணுக்களிலிருந்து பிரித்து எண்ணும் வழியைத் தந்தவர் எர்லிக்தான். இன்று பரிசோதனை நிலையத்தின் இயந்திரம் ஒரு நிமிடத்தில் தரும் வெள்ளணு வகைக் கணக்கின் தொடக்கம் அந்தச் செப்புத் தகடு.

தாம்பரவாசிகளுக்கு எர்லிக்கோடு இன்னோர் உறவும் உண்டு. 1882 மார்ச் 24 அன்று மாலை பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தபோது எர்லிக் அவையில் இருந்தார். கோக்கின் சாய முறை மெதுவானது. படமும் தெளிவாக வராது. எர்லிக் உடனே ஆய்வகம் சென்று அதைத் திருத்தத் தொடங்கினார். உலர வைத்த கண்ணாடித் தகடுகள் இருந்த அடுப்பை யாரோ தெரியாமல் மூட்டிவிட, அந்தச் சூட்டில் கிருமிகள் அற்புதமாகச் சாயம் ஏற்றிருந்தன என்று சொல்லப்படுகிறது. ஒருமுறை ஏறிய சாயத்தை அமிலத்தால் கழுவினாலும் இக்கிருமி விடாது என்று அவர் கண்டதுதான் பின்னர் ஸீல், நீல்சன் ஆகியோர் செப்பனிட்ட சளிப் பரிசோதனைக்கு அடிப்படை. 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் விடுதியால் பெயர் பெற்ற தாம்பரம் சானடோரியத்தில் எத்தனை தலைமுறையினரின் நோய் அந்தச் சிவப்புக் கோடுகளால் உறுதியாகியிருக்கும்! சில ஆண்டுகளில் எர்லிக் தம் சளியிலேயே அக்கிருமிகளைக் கண்டார். மனைவி ஹெட்விக்குடன் எகிப்து சென்று ஓராண்டுக்கு மேல் தங்கி, நலம் பெற்று 1889இல் திரும்பினார்.

1898இல் அவரும் லாசரஸ் என்ற மருத்துவரும் சேர்ந்து ரத்த நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். ஈசினோஃபில்கள் பெருகும் நிலைகளின் வரிசை அதில் உள்ளது: ஆஸ்துமா, நாள்பட்ட தோல் நோய்கள், குடற்புழுக்கள், காய்ச்சல் தணியும் காலம் எனப் பலவும். தோல் நோயைப் பொறுத்தவரை, அது எந்த வகை என்பதைவிட உடலில் எவ்வளவு பரப்பில் படர்ந்திருக்கிறது என்பதே எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்ற அக்கால மருத்துவர் ஒருவரின் கருத்தும் அங்கே இடம்பெற்றுள்ளது. கரப்பானின் கடுமையை ரத்தத்தில் அளக்கலாம் என்ற எண்ணத்துக்கு வயது நூற்றுக்கு மேல் என்பது எனக்கு வியப்பளித்தது. ஆனால் அந்த வரிசையைச் சற்று நிதானமாகப் பார்த்தால் அதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஒரே எண் உயர்வதற்கு இத்தனை காரணங்கள் என்றால், எண்ணை மட்டும் வைத்துக் காரணத்தைச் சொல்ல முடியாது.

நம் மண்ணில் இது ஏட்டளவுச் செய்தி அன்று. 1940இல் மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும், காசநோய் போலத் தோன்றினாலும் காசநோய் அல்லாத, ஈசினோஃபில்கள் மிகுந்த ஒரு நுரையீரல் நோயைப் பதிவு செய்தனர். 1943இல் வைன்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று பெயரிட்டார். யானைக்கால் புழுக்களுக்கு உடல் காட்டும் எதிர்வினை அது என்பது பின்னாளில் தெளிவானது. அதற்குக் கொடுக்கப்படும் டையீதைல் கார்பமசின், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் அமெரிக்காவில் உருவான மருந்து. ஈஸ்னோபீலியா என்ற சொல் நம் வீடுகளில் ஒரு நோயின் பெயராகவே நிலைபெற்றதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். உண்மையில் அது நோயின் பெயரன்று. ஓர் எண்ணிக்கையின் பெயர்.

எர்லிக்கின் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிதான் வருகிறது. நோபல் பரிசும் புகழும் பெற்றுத் தந்த கண்டுபிடிப்புகளுக்கு நடுவே பலர் இதைக் கவனிப்பதில்லை. 1890களில் தொண்டை அடைப்பான் நோய் ஐரோப்பியக் குழந்தைகளைக் கொன்று குவித்தது. எமில் ஃபான் பேரிங் அதற்கு எதிர்நச்சுச் சீரம் கண்டிருந்தார். ஆனால் ஒரு குதிரையின் சீரம் காப்பாற்றும். இன்னொரு குதிரையின் சீரம் கைவிடும். எவ்வளவு செலுத்துவது என்று யாருக்கும் தெரியாது. சீரத்தின் வலிமையை அளக்க நச்சோடு ஒப்பிட வேண்டும். நச்சோ புட்டியில் இருக்கும்போதே வலிமை இழந்தது. தேயும் படிக்கல்லை வைத்துக்கொண்டு எடை போடுவது போன்ற நிலை.

எர்லிக் படிக்கல்லை மாற்றினார். நச்சை விட்டுவிட்டு எதிர்நச்சையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார். அதை உலர்த்தி, காற்றும் வெளிச்சமும் ஈரமும் படாமல் பாதுகாத்து, எல்லாச் சீரங்களும் அதனோடு ஒப்பிடப்பட வேண்டும் என்று 1897இல் வகுத்தார். ஓர் அலகு என்பது என்ன? ஒரு கினிப்பன்றியைக் கொல்லும் நச்சளவைப் போல நூறு மடங்கைச் செயலிழக்கச் செய்யும் எதிர்நச்சு. சீரத்தின் நிறத்தையோ அடர்த்தியையோ அவர் அளவாகக் கொள்ளவில்லை. உயிர் பிழைத்ததா இல்லையா என்பதில் கொண்டுபோய் எண்ணைக் கட்டினார். பின்னாளில் வந்த சர்வதேச அலகுகளுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி. வண்ணங்களைக் கண்டு மயங்கி வாழ்ந்த மனிதர், அளவை என்று வந்தபோது வண்ணத்தை நம்பவில்லை.

சீரம் வணிகத்தில் பணம் சேர்ந்தது பேரிங்குக்கு. அரசு ஆய்வு நிறுவனத்தின் தலைமையை ஏற்பதற்காக எர்லிக் தம் பங்கை விட்டுக்கொடுத்தார். 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசும் பேரிங்குக்கு மட்டுமே கிடைத்தது. அந்த நட்பு பிறகு ஒட்டவேயில்லை. எர்லிக்குக்கு நோபல் 1908இல், மெச்னிகாஃபுடன் பகிர்ந்து வந்தது.

என் பேத்திக்குத் திரும்புகிறேன். இரண்டாவதாக நாங்கள் பார்த்த தோல் மருத்துவர் அந்த அறிக்கையை ஒருமுறை புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். கடந்த வாரத்தில் எத்தனை நாள் அரிப்பு இருந்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது, தோல் எத்தனை நாள் வெடித்தது, நீர் கசிந்ததா, ரத்தம் வந்ததா, செதில் உரிந்ததா, வறண்டு சொரசொரத்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டார். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உருவாக்கப்பட்ட ஏழு கேள்விகள் அவை. மொத்தம் 28 மதிப்பெண். மருத்துவர் கண்ணால் பார்த்துப் பரப்பையும் சிவப்பையும் தடிப்பையும் மதிப்பிடும் வேறு அளவைகளும் உண்டு. எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து இரவு யாரும் முழுதாகத் தூங்குவதில்லை என்பது எந்த ரத்த அறிக்கையிலும் இல்லை. அந்தத் தாளில் முதன்முறையாக அது ஓர் எண்ணாக ஏறியது.

ரத்தக் குறியீடுகள் பயனற்றவை என்று சொல்ல நான் வரவில்லை. ஈசினோஃபில் எண்ணிக்கை கடுமையான கரப்பானில் பெரும்பாலும் உயரும். ஆனால் குடற்புழு இருந்தாலும் உயரும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சில மணி நேரத்தில் சரியும். எண் இறங்கிவிட்டதென்று வீட்டார் நிம்மதியடைவார்கள். மாத்திரை நின்றதும் கரப்பான் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பலாம். 1960களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்ட ஐஜிஇ, ஒவ்வாமைப் போக்கைச் சொல்லும். இந்த வாரம் தோல் எப்படி இருக்கிறது என்பதை நம்பகமாகச் சொல்லாது. கரப்பான் உள்ளவர்களில் கணிசமானோருக்கு ஐஜிஇ இயல்பாகவே இருக்கிறது. உணவுப் பட்டியலில் ஓர் எண் உயர்ந்திருப்பது, அந்த உணவு அக்குழந்தைக்கு ஆகாது என்பதற்குத் தனியே சான்றாகாது. உண்டபின் என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நிறுத்தப்பட்ட பாலும் முட்டையும் அந்த மருத்துவரின் மேற்பார்வையில் ஒவ்வொன்றாகத் திரும்பின. எதனாலும் தோல் மோசமாகவில்லை.

இப்போது கைவசம் உள்ளவற்றுள் டார்க் என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதமே கரப்பானின் ஏற்ற இறக்கத்தோடு நெருங்கி நடப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஜப்பானிய மருத்துவர்கள் சிகிச்சையைக் கண்காணிக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் கைக்குழந்தைகளுக்கு இயல்பான அளவே அதிகம் என்பதால் வயதுக்கேற்ற வரம்பு தேவை. 2014இல் அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதல், கரப்பானின் கடுமையை மதிப்பிட எந்த ரத்தக் குறியீட்டையும் வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் நினைவூட்டும் குரோமியமோ, அது கலந்த சிமென்ட்டோ கட்டடத் தொழிலாளியின் கையில் உண்டாக்கும் கரப்பானுக்கு, ரத்தத்தைவிட முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனையே விடை தரும். அவரும் ஒருநாள் கூலியை இழந்து ஈஸ்னோபீலியா பார்க்க வரிசையில் நிற்கிறார் என்பதுதான் என் வருத்தம்.

எர்லிக்கின் கடைசிப் பத்தாண்டு உலகறிந்தது. குறிப்பிட்ட அணுவைச் சாயம் தேடிப் பிடிக்கும் என்றால், குறிப்பிட்ட கிருமியை ஒரு மருந்தும் தேடிப் பிடிக்க வேண்டும் என்று அவர் நம்பினார். பிராங்க்பர்ட்டில் ஃபிரான்சிஸ்கா ஸ்பையர் அளித்த நன்கொடையில் 1906இல் எழுந்த ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கான ஆர்செனிக் சேர்மங்கள் சோதிக்கப்பட்டன. 1909இல் ஜப்பானிலிருந்து வந்த சஹாச்சிரோ ஹாட்டா, ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த 606ஆம் சேர்மம் மேகநோயைத் தீர்ப்பதைக் காட்டினார். விற்பனைக்கு விடுமுன் ஏறத்தாழ 65,000 குப்பிகளை மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பி, ஒவ்வொரு நோயாளிக்கும் நேர்ந்ததை எழுதியனுப்பச் சொன்னார் எர்லிக். ஒரு நாளைக்கு இருபத்தைந்து சுருட்டுகள் புகைத்தபடி, அக்குளில் சுருட்டுப் பெட்டியோடு அலைந்த அவர், பக்க விளைவு பற்றி வந்த கடிதங்களை விடாமல் படித்தார். மருந்து பாவத்துக்குத் துணைபோகிறது என்றும், அவர் கொள்ளை லாபம் அடிக்கிறார் என்றும் தாக்குதல்கள் வந்தன. யூதர் என்பதும் அதில் கலந்தது. 1914இல் நடந்த அவதூறு வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தபோதிலும் உடல் தளர்ந்துவிட்டது. அதே ஆண்டில்தான் முழுநேரப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபது. போர் மூண்டதும், ஜெர்மன் ராணுவத்தை நியாயப்படுத்தி 93 அறிஞர்கள் விடுத்த அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். அளவைகளில் அத்தனை எச்சரிக்கையாக இருந்தவர் அங்கே தவறினார்.

1915 ஆகஸ்ட் 20 அன்று பாட் ஹோம்பர்க்கில் காலமானார். பிராங்க்பர்ட்டில் அவர் பெயர் தாங்கிய வீதியின் பெயர்ப்பலகையை 1938இல் நாஜிகள் அகற்றினர். ஹெட்விக் நாட்டைவிட்டு வெளியேறினார். போருக்குப் பின் வீதிக்குப் பெயர் திரும்பியது. பிறகு ஜெர்மனியின் 200 மார்க் தாளில் எர்லிக்கின் முகமும், பின்புறம் ஒரு நுண்ணோக்கியும் அச்சாயின. 2002இல் யூரோ வந்ததும் அந்தத் தாள் புழக்கத்திலிருந்து மறைந்தது. என் பேத்தியின் ஏழு கேள்விகள் கொண்ட தாள் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. சென்ற ஞாயிறு மதிப்பெண் 9. மூன்று மாதங்களுக்கு முன்பு 21.